‘அடுத்தது என்ன?’ என்று நாங்கள் கேட்கும்வரை பொறுங்கள்

பெறுநர்: வெள்ளை மாளிகையைக் களமாகக் கொண்ட ‘தி வெஸ்ட் விங்’ என்ற அமெரிக்கத் தொடரை இந்தியாவில் காட்டும் ஓடிடி தளத்தின் நிகழ்ச்சி, விளம்பரம், சப்டைட்டில் பிரிவுகளின் பொறுப்பாளர்கள்.

தொடரின் கடைசிக் காட்சி விமானத்தில் நடக்கிறது. எட்டு ஆண்டுப் பதவிக்காலம் முடிந்து ஜனாதிபதி பார்ட்லெட் நியூ ஹாம்ப்ஷயருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். நெடுநாள் நண்பர் லியோவின் மகள் மேலரி கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்கிறார். உள்ளே சட்டம் போட்ட, கைதுடைக்கும் நாப்கின் ஒன்று. ‘பார்ட்லெட் ஃபார் அமெரிக்கா’ என்று அதில் எழுதியிருக்கும். நண்பனைத் தேர்தலுக்கு இழுத்துவர லியோ எழுதியது அது. பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு பார்ட்லெட் அதற்குச் சட்டம் போட்டு லியோவுக்கே பரிசாகத் தந்தார். லியோ இறந்தபின் இப்போது இவர் மடிக்கு வந்திருக்கிறது. லியோவாக நடித்த ஜான் ஸ்பென்சர் 2005 டிசம்பர் 16 அன்று நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் கனம் தெரியும். என்ன யோசனை என்று மனைவி ஏபி கேட்கிறார். ‘நாளை’ என்கிறார் பார்ட்லெட்.

உங்கள் தளத்தில் அந்தச் சொல் வாயிலிருந்து வரும்போதே படம் சுருங்கி மூலைக்குப் போகிறது. மீதித் திரை முழுக்க, இந்தத் தொடருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நிகழ்ச்சியின் முன்னோட்டம் சத்தத்தோடு ஓடுகிறது. பந்தியில் பாயசத்துக்குக் கை நீட்டும்போது இலையை உருவுவது மாதிரி. ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தைப் பெரிதாக்குவதற்குள் விமானம் போய்விடுகிறது, பெயர் வரிசையும் போய்விடுகிறது.

இது கடந்த மாதம் உங்கள் செயலியில் நீங்கள் செய்த மாற்றத்தின் விளைவு. ‘அடுத்த பகுதி’ பொத்தான் முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது. குறைந்த கட்டணத் திட்டத்தில் விளம்பரம் சேர்ந்திருக்கிறது. தமிழ் சப்டைட்டில் என்ற பெயரில் இயந்திரம் மொழிபெயர்த்த ஒன்று கிடைக்கிறது. மூன்றைப் பற்றியும் புகார் அனுப்பினோம். பழைய தொடர், பார்ப்பவர்கள் குறைவு, எல்லா நிகழ்ச்சிகளுக்கும் ஒரே அமைப்புதான் என்ற பொருளில் பதில் வந்தது. அந்தப் பதிலை ஏற்க முடியாததால்தான் இந்த மடல்.

‘அடுத்தது’ என்ற சொல்லை இந்தத் தொடரிடம் எடுத்துக்கொண்டு போவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1999 செப்டம்பர் 22 அன்று வந்த முதல் பகுதி முடிவதே பார்ட்லெட் தன் செயலாளர் திருமதி லேண்டிங்ஹாமைக் கூப்பிட்டு ‘அடுத்தது என்ன?’ என்று கேட்பதில்தான். இரண்டாம் பருவத்தின் பழைய நினைவுக் காட்சி ஒன்றில் அதற்கு அவரே விளக்கமும் தருகிறார்: நான் அப்படிக் கேட்டால், இதை முடித்துக்கொண்டு வேறு விஷயத்துக்குப் போகத் தயார் என்று பொருள். கவனியுங்கள், கேட்பவர்தான் தயாராக வேண்டும். ரசிகர்கள் இன்றும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வசனம் அது. அதைப் பொத்தானாக்கி எங்கள் சார்பில் நீங்களே அழுத்திவிடுகிறீர்கள்.

இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதி ‘டூ கதீட்ரல்ஸ்’, 2001 மே 16 அன்று வந்தது. இந்தத் தொடரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எங்கே தொடங்கினாலும் பேச்சு வந்து நிற்கும் இடம் அதுதான். திருமதி லேண்டிங்ஹாம் கார் விபத்தில் இறந்திருக்கிறார். பார்ட்லெட் தன் நோயை நாட்டிடமிருந்து மறைத்தது வெளியே வந்துவிட்டது. தேர்தலில் மறுபடி நிற்பாரா இல்லையா என்ற கேள்வி மட்டும் மிச்சம். மழையில் நனைந்தபடி செய்தியாளர் கூட்டத்துக்கு வருகிறார். எந்த நிருபரை முதலில் அழைத்தால் நல்லது என்று செய்தித் தொடர்பாளர் சி.ஜே. சொல்லிவைத்திருந்தாரோ அவரை விட்டுவிட்டு வேறொருவரை அழைக்கிறார். அவர் கேட்பது அதே கேள்வி. லியோ பக்கத்தில் இருப்பவரிடம் ‘இப்போது பார்’ என்கிறார். பார்ட்லெட் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டு, முகத்தை ஒருபக்கம் திருப்பி, லேசாகச் சிரிக்கிறார். திரை கறுக்கிறது. பதில் சொல்லவே இல்லை. ஆனால் அதே பகுதியில் அவர் பள்ளிப் பையனாக இருந்தபோது இதே மாதிரி பைக்குள் கையை விட்டுச் சிரித்ததையும், நீ முடிவெடுத்துவிட்டாய் என்று திருமதி லேண்டிங்ஹாம் கண்டுபிடித்ததையும் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். அந்தக் கறுப்புத் திரைதான் பதில்.

2001-இல் பார்த்தவர்கள் அந்தக் கறுப்புக்கும் கதையின் அடுத்த காட்சிக்கும் நடுவில் அக்டோபர் 10 வரை, ஏறக்குறைய ஐந்து மாதம், காத்திருந்தார்கள். ஐந்து மாதம் வேண்டாம். ஐந்து விநாடி தாருங்கள். இப்போது கை பைக்குள் போகும்போதே பொத்தான் வந்து அவர் இடுப்பை மறைத்து நிற்கிறது. பார்க்க வேண்டியதே அந்தக் கையைத்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதும் தெரிந்ததுதான். பகுதி எங்கே முடிகிறது, பொத்தான் எப்போது வர வேண்டும் என்று செயலிக்குச் சொல்லும் முடிவுக் குறியை வைக்க மூன்று வழி உண்டு. கோப்பின் முடிவிலிருந்து இத்தனை விநாடி என்று கணக்காகக் கழிப்பது ஒன்று. திரையில் பெயர்கள் ஓடத் தொடங்குவதை மென்பொருளைக் கொண்டு கண்டுபிடிப்பது இன்னொன்று. ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்து நேரத்தைக் குறிப்பது மூன்றாவது. நீங்கள் முதல் வழியில் போயிருக்கிறீர்கள். எந்தப் பகுதியை எடுத்தாலும் பொத்தான் முடிவிலிருந்து ஒரே தூரத்தில்தான் வருகிறது, கறுப்புத் திரையோ ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது. பெயர் வரிசையின் நீளம் பகுதிக்குப் பகுதி மாறும் தொடருக்கு இந்தக் கணக்கு உதவாது. இரண்டாவது வழியும் இங்கே முழுதாக நம்பத்தக்கதல்ல. கௌரவ நடிகர்களின் பெயர்கள் தொடக்கக் காட்சிகளின் மேலேயே ஓடுவதால், எழுத்தைக் கண்டதும் முடிவு என்று நினைக்கும் மென்பொருள் குழம்பும். மூன்றாவதுதான் வழி. தானாக அடுத்ததற்குப் போவதைக் கணக்கு அமைப்பில் நிறுத்திவைத்தால் அது கைப்பேசியில் மட்டும் வேலை செய்கிறது, டிவி செயலியில் மறுபடி உயிர்பெறுகிறது. அதையும் பாருங்கள்.

விளம்பரத்துக்கு வருவோம். விளம்பரமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இது அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் விளம்பர இடைவேளைகளோடு ஓடுவதற்கென்றே எழுதப்பட்ட தொடர். ஒரு மணி நேரத்தில் கதை சுமார் 42 நிமிடம். முதலில் ஒரு சிறு முன்காட்சி, பிறகு தலைப்பு இசை, பிறகு நான்கு அங்கங்கள். தலைப்புக்குப் பின் ஒன்று, அங்கங்களுக்கு நடுவே மூன்று என்று நான்கு இடைவேளை. ஒவ்வொரு அங்கத்தின் கடைசி வசனமும், இடைவேளைக்குப் பிறகு திரும்பி வர வைக்கும் கொக்கியாக எழுதப்பட்டது. அங்கே திரை ஒரு கணம் கறுக்கும். அந்தக் கறுப்பு இப்போதும் உங்கள் கோப்பில் அப்படியே இருக்கிறது. விளம்பரம் போட ஊரெல்லாம் இடம் தேடுவார்கள், இங்கே எழுதியவர்களே நான்கு இடத்தைக் காலியாக விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த நான்கையும் விட்டுவிட்டு நிமிடக் கணக்கில் நடுவே வெட்டுகிறீர்கள்.

வெட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். நடந்துகொண்டே பேசுவதற்குப் பேர்போன தொடர் இது. இயக்குநர் தாமஸ் ஷ்லாமி வெட்டே இல்லாமல் தாழ்வாரம் தாழ்வாரமாகக் கேமராவை நகர்த்திக்கொண்டு போவார். பாதி தாழ்வாரத்தில் விளம்பரம் வந்துவிட்டுப் படம் திரும்பும்போது, விட்ட இடத்திலிருந்து தொடங்குவதில்லை. ஓடும் படம் சில விநாடித் துண்டுகளாகத்தான் அனுப்பப்படுகிறது. விளம்பரம் நுழையும் இடம் துண்டின் எல்லையில் இல்லையென்றால் பக்கத்து எல்லைக்கு நகரும். அதனால் இரண்டு மூன்று விநாடி காணாமல் போகிறது, அல்லது சொன்ன வசனத்தையே மறுபடி சொல்கிறார்கள். மூச்சு விடாமல் பேசும் இந்த வசனத்தில் மூன்று விநாடி என்பது ஒரு முழு நகைச்சுவை.

‘செவன்டீன் பீப்பிள்’ என்ற பகுதியின் (2001 ஏப்ரல் 4) மையம், ஜனாதிபதியின் ஓவல் அலுவலகத்துக்குள் மூன்று பேர் பேசுவதுதான். ஜனாதிபதிக்குத் தண்டுவட மரப்பு நோய் இருப்பது அவருடைய ஊழியர் டோபிக்கு அப்போதுதான் தெரியவருகிறது. இதைத் தெரிந்துகொண்ட பதினேழாவது ஆள் அவர். குரல் படிப்படியாக உயரும். அந்த ஏறுமுகத்தின் நடுவில் வந்து விழுகிறது மருத்துவக் காப்பீட்டு விளம்பரம். உங்கள் விளம்பரதாரருக்கு இது லாபம் என்று யாராவது நினைத்திருந்தால் அவர் அதைப் பார்த்தவர்களிடம் கேட்கட்டும்.

இதைச் சரிசெய்ய எவ்வளவு வேலை? தொடரில் 154 பகுதிகள், அவற்றுக்கு வெளியே இரண்டு சிறப்பு நிகழ்ச்சிகள். பகுதிக்கு நான்கு என்றால் 616 குறிகள். கறுப்புத் திரையை மென்பொருள் தேடித் தரும். அரை விநாடிக்கு மேல் முழுக் கறுப்பு என்று வைத்துத் தேடினால் போதும். அமைதியையும் சேர்த்து நிபந்தனையாக வைக்காதீர்கள், இசையமைப்பாளர் ஸ்னஃபி வால்டனின் இசை பல இடங்களில் கறுப்புக்குள்ளும் வாலாக நீளும், அவையெல்லாம் தவறிப்போகும். இரவுக் காட்சிகளில் சில போலிக் கறுப்புகளும் வலையில் விழும், அதைக் களைய ஆள் வேண்டும். பகுதிக்குப் பத்து நிமிடம் என்றால் 1,540 நிமிடம், 26 மணி நேரத்துக்கும் குறைவு. முடிவுக் குறியையும் அதே ஆள் அதே அமர்வில் வைத்துவிடலாம். ஒரு ஆளுக்கு நான்கு நாள் வேலை. பார்ப்பவர்கள் குறைவு என்ற பதில் இந்த நான்கு நாளுக்கு முன்னால் எடுபடாது.

வரிசை எண்ணிலும் ஒரு கோளாறு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 3 அன்று, ‘ஐசக் அண்ட் இஷ்மாயில்’ என்ற சிறப்புப் பகுதி வந்தது. அவசரமாக எழுதிப் படமாக்கியது. தொடரின் கதை ஓட்டத்தில் இது சேராது என்று நடிகர்களே தொடக்கத்தில் கேமராவைப் பார்த்துச் சொல்வார்கள். அதை நீங்கள் மூன்றாம் பருவத்தின் முதல் பகுதி என்று எண் போட்டு வைத்திருக்கிறீர்கள். விளைவு: மேலே சொன்ன அந்தக் கை, அந்தச் சிரிப்பு, அந்தக் கறுப்பு முடிந்ததும் தானாக ஓடத் தொடங்குவது பள்ளி மாணவர்களுக்குப் பயங்கரவாதத்தைப் பற்றி வகுப்பெடுக்கும் கதை. புதிதாகப் பார்ப்பவர் குழம்பி, ஏதோ பகுதியைத் தவறவிட்டோம் என்று பின்னால் போகிறார். அதற்குப் பின் வரும் மூன்றாம் பருவப் பகுதிகளின் எண்களும் ஒன்று தள்ளிப்போகின்றன. இரண்டு பேர் ஒரே பகுதியைப் பற்றி வெவ்வேறு எண் சொல்லிச் சண்டை போடுவதற்கு இதுதான் காரணம். அது நல்ல பகுதியா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு, அது வேறு விஷயம். அதன் இடம் ‘சிறப்பு’ என்ற தனித் தட்டு.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஏழாம் பருவத்தில் ஜனாதிபதி வேட்பாளர்கள் சாண்டோஸும் வினிக்கும் மோதும் ‘தி டிபேட்’ 2005 நவம்பர் 6 அன்று நேரலையாக நடிக்கப்பட்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு ஒரு முறை, மேற்குக் கரைக்கு மறுபடி ஒரு முறை. ஃபிலிமில் எடுத்த மற்ற பகுதிகளின் தோற்றம் அதற்கு இருக்காது, நிஜ விவாத ஒளிபரப்பு போலவே இருக்கும், அதுதான் நோக்கமும். எல்லாப் பகுதிகளையும் ஒரே அச்சில் வார்த்துக் குறியாக்கம் செய்ததால் உங்கள் கோப்பில் வினிக்காக நடித்த ஆலன் ஆல்டா கையை வீசும்போதெல்லாம் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிகின்றன. அந்த ஒரு பகுதியை மட்டும் தனியாகக் குறியாக்குங்கள்.

இனி தமிழ் சப்டைட்டில். இதில் எங்கள் வருத்தம் அதிகம். ஏனென்றால் தமிழில் இப்படியொரு முயற்சி நடக்கிறது என்று கேட்டபோது முதலில் மகிழ்ந்தவர்களும் நாங்கள்தான். சட்டமன்றம், கொறடா, மசோதா, வெளிநடப்பு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று டீக்கடை பெஞ்சிலேயே புழங்கும் மொழிக்கு ஒரு அரசியல் தொடரை மொழிபெயர்க்கச் சொல் பஞ்சமா?

இயந்திரம் தந்திருப்பதைக் கேளுங்கள். பிரதிநிதிகள் சபையை ‘வீடு’ என்கிறது. சபாநாயகர் ‘வீட்டின் பேச்சாளர்’ ஆகிவிட்டார். நாடாளுமன்றத்தைச் செல்லமாக ‘ஹில்’ என்பார்கள், அது ‘மலை’. வெளியுறவு அமைச்சர் ‘மாநிலச் செயலாளர்’. மசோதா ‘ரசீது’. கொறடா ‘சாட்டை’. பதவிக்காலம் முடியப்போகும் செல்வாக்கிழந்த ஜனாதிபதி ‘நொண்டி வாத்து’. ஓரிரு இடமென்றால் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஆனால் ‘தி ஸ்டாக்ஹவுஸ் ஃபிலிபஸ்டர்’ பகுதியைப் பாருங்கள். ஒரு வயதான செனட்டர், குழந்தைகள் நல மசோதா ஒன்றில் ஆட்டிசத்துக்குப் பணம் சேர்க்க மற்றவர்கள் மறுத்துவிட்டதால், உட்காராமல் மணிக்கணக்கில் பேசி அவையை முடக்குகிறார். செனட் விதிப்படி அவர் பேச்சை நிறுத்தினாலோ உட்கார்ந்தாலோ பேசும் உரிமை போய்விடும். சமையல் குறிப்பு, சீட்டாட்ட விதி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறார். வெள்ளை மாளிகைக்கு அவர் மேல் எரிச்சல். அவருக்கு ஆட்டிசம் உள்ள பேரன் இருக்கிறான் என்று பிறகுதான் தெரிகிறது. உடனே ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள்: இன்னொரு செனட்டர் எழுந்து கேள்வி கேட்டால், அந்தக் கேள்வி முடியும்வரை இவர் பேச வேண்டியதில்லை, உரிமையும் போகாது. கேள்வி எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். பேரன் பேத்தி எடுத்த செனட்டர்களாகத் தேடிப் பிடித்து அனுப்புகிறார்கள். முழுப் பகுதியும் தொங்குவது ஒரே ஒரு வாக்கியத்தில்: பேசும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கேள்விக்கு இடம் தருவீர்களா? உங்கள் சப்டைட்டிலில் அது ‘தரையை விளைவிக்காமல் ஒரு கேள்விக்கு விளைவிப்பாரா’ என்று இருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்குக் கிழவர் எப்படித் திடீரென்று இளைப்பாறுகிறார் என்று புரியவே புரியாது. கதையே கைநழுவிப் போகிறது.

‘லெட் பார்ட்லெட் பி பார்ட்லெட்’ பகுதியின் முடிவில் ஜனாதிபதியின் ஊழியர்களான ஜாஷ், சி.ஜே., சாம், டோபி ஒவ்வொருவராக ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். ஜனாதிபதி விரும்பும்வரை இந்தப் பொறுப்பில் இருப்பேன் என்று அதற்குப் பொருள். நம் அரசமைப்பின் 164ஆம் பிரிவிலும் அமைச்சர்கள் ஆளுநரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார்கள் என்று இதே சட்டச் சொல்தான் வருகிறது, செய்தி படிக்கும் எவருக்கும் தெரியும். இயந்திரமோ ‘ஜனாதிபதியின் இன்பத்திற்காகச் சேவை செய்கிறேன்’ என்று நான்கு பேர் வாயிலும் போட்டுவிட்டது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சொல்லைத் திருத்திவிடலாம், பட்டியல் கொடுத்தால் இயந்திரமே திருத்தும் என்பீர்கள். பட்டியலால் ஆகாதது ஒன்று உண்டு: நீ, நீங்கள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். தமிழில் ஒவ்வொரு வரியிலும் முடிவெடுத்தாக வேண்டும். லியோ பார்ட்லெட்டின் பல்லாண்டு நண்பர். தேர்தலுக்கு முந்தைய நினைவுக் காட்சிகளில் ‘ஜெட்’ என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், அங்கே ‘நீ’தான். ஜனாதிபதியானபின் தனி அறையிலும் ‘மிஸ்டர் பிரசிடென்ட்’ என்கிறார், அங்கே ‘நீங்கள்’. அந்த ஒரு மாற்றத்திலேயே பதவியின் கனம் தெரியும், ஆங்கிலத்தைவிடத் தமிழ் இதை நன்றாகவே காட்டும். டானா தன் மேலதிகாரி ஜாஷை ‘நீங்கள்’ என்பாள், அவன் அவளை ‘நீ’ என்பான், ஏழாம் பருவத்தில் அது எங்கே உடைகிறது என்று ஒரு ஆள் யோசித்து வைக்க வேண்டும். இயந்திரம் ஒரே காட்சிக்குள் மூன்று முறை மாற்றுகிறது. ஜனாதிபதியின் உதவியாளன் சார்லி அவரைப் பார்த்து ‘நீ சாப்பிட்டாயா’ என்கிறான்.

மறுபடி ‘டூ கதீட்ரல்ஸ்’ பகுதிக்கே வருகிறோம். ஓவல் அலுவலகத்தில் புயல் கதவைத் திறந்ததும் இறந்துபோன திருமதி லேண்டிங்ஹாம் உள்ளே வந்து பேசும் காட்சி. அவர் பார்ட்லெட்டைப் பள்ளிப் பையனாக இருக்கும்போதே அறிந்தவர், அவருடைய அப்பா தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் வேலை பார்த்தவர். உயிரோடு இருந்தவரை இந்த அலுவலகத்தில் மரியாதை தவறாமல் அழைத்தவர். இந்தக் காட்சியில் ‘ஜெட்’ என்கிறார். தோற்றுவிடுவோம் என்றோ, கஷ்டம் என்றோ நினைத்து நிற்காமல் இருந்தால் உன்னைத் தெரிந்தவளாகக்கூட இருக்க விரும்பவில்லை என்கிறார். அந்த இடத்தில் தமிழில் ‘நீ’ விழ வேண்டும். விழுந்தால் ஒரு கன்னத்தில் அறை மாதிரி இருக்கும். உங்கள் சப்டைட்டில் ‘தங்களை அறிய விரும்பவில்லை’ என்று கடித பாஷையில் போகிறது.

அதே பகுதியில் தேவாலயத்தில் பார்ட்லெட் கடவுளைத் திட்டுவது பாதி லத்தீனில். ஒளிபரப்பில் அதற்கு மொழிபெயர்ப்பு தரவில்லை. தமிழிலும் தரக் கூடாது. ‘[லத்தீனில்]’ என்று மட்டும் போட்டால் போதும். ‘[வெளிநாட்டு மொழி பேசுகிறார்]’ என்று இருப்பதை மட்டும் எடுங்கள்.

இதற்கெல்லாம் மேலே, ஆள் வைத்து எழுதினாலும் இடிக்கப்போகும் ஒரு விதி உங்களிடம் இருக்கிறது. வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி என்பது. அந்த எண்ணிக்கையை உங்கள் கருவி யூனிகோடு குறிகளாக எண்ணுகிறது, தமிழ் எழுத்தாக அல்ல. ‘நிர்வாகம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, கருவிக்கு ஒன்பது. ‘வெள்ளை மாளிகை’ இடைவெளியை விட்டுவிட்டால் ஆறு எழுத்து, கருவிக்குப் பன்னிரண்டு. புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியாக அபராதம் போடுகிறது. ஆங்கிலத்துக்கு 42 என்றால் அதே கருவியில் தமிழுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அதில் பாதி. வேகமாகப் பேசும் தொடரில், சிவப்பு எச்சரிக்கை வராமலிருக்க, எழுதுபவர் வசனத்தைத்தான் நறுக்குவார். விநாடிக்கு இத்தனை எழுத்து என்ற வாசிப்பு வேகக் கணக்கிலும் இதே கோளாறு. தமிழ் எழுத்தாக எண்ணும் முறை நிரலாளர்களுக்குப் புதிதல்ல, ஒரு அமைப்பை மாற்றுவதுதான்.

நாங்கள் இலவசமாக எழுதித் தருகிறோம் என்று சொல்லப்போவதில்லை. சப்டைட்டில் எழுதுவது ஒரு தொழில், அதற்குக் கூலி உண்டு.

உங்களிடம் கேட்பது இவை.

எல்லா 154 பகுதிகளிலும் முடிவுக் குறியை ஆள் வைத்துப் பார்த்து, கடைசிக் கறுப்புத் திரைக்குப் பின்னால் நகர்த்துங்கள். பொத்தான் வந்தாலும் படம் சுருங்கக் கூடாது. ‘தானாக ஓட வேண்டாம்’ என்று கணக்கில் ஒரு முறை சொன்னால் டிவியிலும் அது நிற்க வேண்டும்.

விளம்பரங்களை நான்கு அங்க இடைவேளைகளில் மட்டும் வையுங்கள். அந்த இடங்களில் படத்துண்டின் எல்லையும் பொருந்தும்படி கோப்பைத் திரும்பக் குறியாக்குங்கள்.

‘ஐசக் அண்ட் இஷ்மாயில்’ பகுதியைச் சிறப்பு நிகழ்ச்சியாகத் தனியே எடுத்துவிட்டு மூன்றாம் பருவத்துக்குத் திரும்ப எண் போடுங்கள். ‘தி டிபேட்’ கோப்பை மாற்றுங்கள்.

இப்போதுள்ள இயந்திரத் தமிழ் சப்டைட்டிலை இன்றே நீக்குங்கள், தவறான ஒன்று இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல். முதல் இரண்டு பருவங்களின் 44 பகுதிகளை மட்டுமாவது கூலி கொடுத்துத் தமிழ் எழுத்தாளர்களிடம் கொடுங்கள். யார் யாரை ‘நீ’ என்பார்கள் என்ற அட்டவணையை முதல் வரி எழுதும் முன்னால் முடிவு செய்யச் சொல்லுங்கள். எழுதியவர் பெயரைக் கடைசியில் போடுங்கள். 42 எழுத்து விதியைத் தமிழுக்குத் தமிழ் எழுத்தாக எண்ணுங்கள்.

உரிமம் முடிந்து தொடரை எடுப்பதாக இருந்தால் 30 நாள் முன்பே தொடரின் பக்கத்தில் தேதியோடு சொல்லுங்கள். திரும்ப ஏற்றும்போது பழைய அடையாள எண்ணிலேயே ஏற்றுங்கள், இல்லையென்றால் பார்த்து நிறுத்திய இடமெல்லாம் எல்லோருக்கும் அழிந்துபோகிறது.

2006 மே 14 அன்று இரவு, கடைசிப் பகுதி ‘டுமாரோ’ ஒளிபரப்பாவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்பிசி முதல் பகுதியை மறுபடி போட்டது. ‘டுமாரோ’ முடிந்தபின் ஏதாவது ஒன்றைப் பரிந்துரைத்தே ஆக வேண்டும் என்றால் அந்த முதல் பகுதியைப் பரிந்துரையுங்கள், பெயர் வரிசை முடிந்தபின், சத்தமில்லாமல். மற்றதெல்லாம் ஆக மாதங்கள் பிடிக்கலாம். ‘டுமாரோ’ பகுதியின் முடிவுக் குறி ஒரே ஒரு எண். அதை இந்த வாரம் மாற்றுங்கள்.

இப்படிக்கு,
இத்தொடரின் தமிழ்ப் பார்வையாளர்களும் சப்டைட்டில் எழுதுபவர்களும்